அத்தியாயம் 6: கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசை

பூ வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுங்கள். ஓசூர் வாடகை வீடுகளில் பெரும்பாலும் இருப்பது நால்வர் உட்காரும் மேசை. நீளம் 4 அடி, அகலம் இரண்டரை அடி. குறுக்கே 30 அங்குலம் என்று வையுங்கள். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் இலைக்கு 12 அங்குலம் வீதம் 24 போய்விடும். நடுவில் மிஞ்சுவது 6 அங்குலப் பட்டை. அலங்காரத்துக்கு உள்ள இடம் அவ்வளவுதான். பிரியாணிப் பாத்திரம், தயிர்ப் பச்சடி, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைக்கப் பார்த்தால் பூவும் நிற்காது, பாத்திரமும் நிற்காது. பரிமாறும் பாத்திரங்களைச் சமையல் மேடையிலோ பக்கத்தில் ஒரு ஸ்டூலிலோ வைத்துவிடுங்கள். இதை முதலில் முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

நீளவாக்கில் ஒருவருக்கு 24 அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்கும். ஆள் கூடும்போது பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் மேசை ஒன்றை வாங்கிச் சேர்ப்பது இங்கே வழக்கம். இரண்டுக்கும் உயரம் ஒத்துப்போகாது. தாழ்ந்ததன் கால்களுக்கு அடியில் அட்டைப்பெட்டித் துண்டுகளை மடித்து வைத்துச் சமன் செய்யுங்கள். மேலே ஒரே துணியாக விரித்தால் இணைப்பு தெரியாது. இணைப்பின் மேல் மட்டும் மெழுகுவர்த்தியோ பூச்சொம்போ வைக்கக் கூடாது. யாராவது நாற்காலியை நகர்த்தினால் சாய்வது அதுதான்.

உயரத்துக்கு நாடா வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசைமேல் ஊன்றிக் கையை நிமிர்த்திப் பாருங்கள். அலங்காரம் உங்கள் மணிக்கட்டைத் தாண்டக் கூடாது. எதிரில் இருப்பவரை எட்டிப் பார்த்துப் பேச வைக்கும் பூங்கொத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் இடம் வரவேற்பறைதான். ஆண்டு முழுவதும் ஆளுக்கொரு ஷிப்டில் சாப்பிடும் குடும்பம் ஒன்றாக உட்காரும் நாள் இது. முகம் மறையக் கூடாது.

குட்டையான பூ வாங்குவதில் நம் ஊருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் தரும் குளிர்ச்சியை நம்பித்தான் பாகலூர், பேரிகை, தளி வட்டாரங்களில் பசுமைக்குடில்கள் வந்தன. அமுதகொண்டபள்ளியில் அரசு நிறுவனமான டிட்கோவின் பங்கேற்போடு டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா உருவானது. தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர்களுக்கான மகத்துவ மையம் இருக்கிறது. இங்கே விளையும் ரோஜாவைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். ஏற்றுமதியில் பூவுக்கு விலை வைப்பது காம்பின் நீளத்தை வைத்து. 60 சென்டிமீட்டர் காம்புக்குப் பெரிய விலை, 30 சென்டிமீட்டர் காம்புக்குச் சிறிய விலை, அதற்கும் குட்டையானது உள்ளூர்ச் சந்தைக்கு.

சாப்பாட்டு மேசைக்கு வேண்டியது அந்தக் கடைசி ரகம்தான். விமானம் ஏறும் நீளக் காம்பு ரோஜாவை நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கினாலும் வீட்டில் வந்து ஒரு சாண் விட்டு மீதியை வெட்டித்தானே வைக்கப் போகிறீர்கள்? குட்டைக் காம்பு ரோஜாவின் நிறம் எந்த வகையிலும் குறைந்ததல்ல. சிவப்புக்குத் தாஜ்மஹால், வெள்ளைக்கு அவலாஞ்ச், மஞ்சளுக்கு கோல்ட் ஸ்டிரைக் என்று ரகத்தின் பெயரைச் சொல்லியே கேட்கலாம். 20 பூ ஒரு கட்டு. நால்வர் மேசைக்கு ஒரே கட்டு தாராளம்.

வாங்கும் நாளில் கவனம் வேண்டும். பிப்ரவரி 14 அறுவடையைக் கணக்கிட்டுப் பல தோட்டக்காரர்கள் டிசம்பரில் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். அதே மாதத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று தேவையும் ஏறும். 24ஆம் தேதி காலையில் கடைக்குப் போய் நின்றால் கேட்ட விலைதான். 20ஆம் தேதிக்குள் சொல்லிவைத்து 23ஆம் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த ரோஜா குளிர்ந்த வீட்டில் புத்தாண்டு வரைகூட நிற்கும்.

தண்ணீர் குடிக்க வைப்பது இப்படி: கட்டைப் பிரித்து, தண்ணீரில் மூழ்கப்போகும் பகுதியின் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். தண்ணீருக்குள் இலை அழுகினால் பூ தலை கவிழ்ந்துவிடும். காம்பின் அடியைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டி உடனே பக்கெட்டில் ஆழமான தண்ணீரில் நிறுத்துங்கள். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், அது வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துளி ப்ளீச்சிங் திரவம். சர்க்கரை பூவுக்கு உணவு, ஆனால் கிருமிக்கும் அதுவே உணவு என்பதால்தான் அந்தத் துளி ப்ளீச். ஓர் இரவு முழுவதும் இருட்டான குளிர்ந்த மூலையில் பக்கெட் இருக்கட்டும். அதன் பிறகுதான் குட்டையாக வெட்டி மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜெர்பரா வாங்கினால் இதற்கு நேர்மாறு. அதன் தண்டு மென்மையானது, ரோமம் உள்ளது. ஆழத் தண்ணீரில் நின்றால் அழுகும். இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். கார்னேஷனை வாழைப்பழச் சீப்புக்கும் ஆப்பிள் தட்டுக்கும் அருகில் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அந்தப் பூவை ஒரே நாளில் சுருங்க வைத்துவிடும். மேசை நடுவில் பழத்தையும் பூவையும் சேர்த்து அடுக்கும் படங்கள் பார்க்க நன்றாக இருக்கும், நாள் தாங்காது.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பசுமைக்குடில் ரோஜா உண்பதற்காக வளர்த்ததல்ல. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து தெளித்துத்தான் வளர்க்கிறார்கள். அதன் இதழைக் கேக்கின் மேல் தூவாதீர்கள், குடிதண்ணீர் ஜாடியில் மிதக்க விடாதீர்கள், இலையின் ஓரத்தில் வைக்காதீர்கள். பூ தன் குவளைக்குள் இருக்கட்டும். கேக்குக்கு மேலே ஏதாவது வேண்டுமென்றால் செர்ரியும் முந்திரியும் இருக்கின்றன. இந்த ரோஜாவுக்கு மணம் இல்லையே என்று குறைப்படுபவர்களும் உண்டு. சாப்பாட்டு மேசையில் அது நல்லதுதான் என்பது என் எண்ணம். மல்லிகையும் சம்பங்கியும் அருகில் இருந்தால் பிரியாணி மணம் எடுபடாது.

குவளைக்குக் கடை ஏற வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே உயரமுள்ளவை ஐந்தை எடுத்து, ஒன்றுக்கு மூன்று ரோஜா வீதம் வைத்து, அந்த ஆறங்குலப் பட்டையில் வரிசையாக நிறுத்துங்கள். ஒரே பெரிய கொத்தைவிட இது அழகு, யாராவது குழம்பு வாங்கும்போது ஒரு டம்ளரை நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்கலாம். மெழுகுவர்த்தி வெளிச்சம் எவர்சில்வரில் பட்டுப் பிரதிபலிக்கும்போது வேறு மினுக்கு எதுவும் தேவைப்படாது.

பச்சைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றாலே பல வீடுகளில் சவுக்குக் கிளைதான். மேசைக்குச் சவுக்கு ஒத்துவராது. காய்ந்ததும் ஊசி ஊசியாக உதிர்ந்து சோற்றில் விழும், சட்டென்று தீப்பிடிக்கும். இந்தப் பக்கம் சாலையோரம் எங்கும் நிற்கும் தைல மரத்தின் இளங்கொழுந்துக் கிளை சிறந்தது. சாம்பல் பூத்த நீலப்பச்சை நிறம் சிவப்பு ரோஜாவுக்குப் பக்கத்தில் அப்படி எடுப்பாக இருக்கும். காய்ந்தாலும் உதிராது. வாசனை கடுமை என்று தோன்றினால் முந்தின நாளே ஒடித்துக் காற்றில் வைத்துவிடுங்கள். மாவிலையும் நல்ல பச்சைதான். மா விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. பாயின்செட்டியா தொட்டி வைத்திருப்பவர்கள் அதை முழுத்தொட்டியாகப் பக்கத்து ஸ்டூலில் வைக்கலாம். இரவு நீளும்போதுதான் அதன் மேலிலைகள் சிவக்கும், ஆகவே அக்டோபரிலிருந்தே இரவில் விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் வளர்க்க வேண்டும். கிளையை ஒடித்து மேசையில் வைத்தால் பால் வடியும். அது கையில் பட்டால் அரிக்கும்.

வளையம் பற்றி ஒரு வார்த்தை. திருவருகைக் கால வளையத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று கத்தோலிக்க வீடுகளில் நான்கு ஞாயிறுக்கு நான்கு வர்த்தி: மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. அதை மேசையில் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் நம் ஊரில் மலர் வளையம் என்றால் அடுத்து நினைவுக்கு வருவது சாவு வீடு. வெள்ளைச் சாமந்தியால் வட்டமாகக் கட்டி மேசையில் படுக்க வைத்தால் பாட்டிகள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் சுளிப்பதில் நியாயமும் இருக்கிறது. வளையம் வேண்டுமென்றால் முழுக்க இலையிலேயே கட்டுங்கள், பூ சேர்க்காதீர்கள். அல்லது வட்டத்தை விட்டுவிட்டு நான்கு வர்த்தியையும் நேர்வரிசையில் வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அலங்காரம் காசு செலவில்லாதது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி வேண்டும் என்று சின்னத் தட்டுகளில் தானியம் முளைக்கப் போடுவோம் இல்லையா, அதையே மேசைக்கும் கொஞ்சம் போடுங்கள். இந்த மாவட்டத்துத் தானியம் கேழ்வரகு. மெல்லிய, நெருக்கமான, கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை அது. தேங்காய்ச் சிரட்டையின் கண்ணில் ஒரு துளை, உள்ளே பாதி அளவு மண் கலந்த தேங்காய் நார்த்தூள். எட்டு மணி நேரம் ஊறிய கேழ்வரகை மேலே நெருக்கித் தூவி ஈரத்துணியால் மூடிவையுங்கள். முளை விட்டதும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். சமவெளி ஊர்களில் ஒரு வாரத்தில் வளர்வது ஓசூர்க் குளிரில் பத்து நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே டிசம்பர் 12 வாக்கிலேயே விதைத்துவிடுங்கள். எலத்தகிரி, மத்தகொண்டபள்ளி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் சொந்தம் இருந்தால் இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 24ஆம் தேதி சிரட்டையைச் சுத்தமாகத் துடைத்து, அடியில் சின்னத் தட்டு வைத்து, மறுநாள் ரோஜா டம்ளர்கள் வரும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும்படி இடம் விட்டு வையுங்கள். பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்து வளர்த்தது மேசைக்கு வரும்போது அவர்களுக்கு வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

துணி: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் மேசையில் விரிக்கும் விரிப்புகளிலும் நாப்கின்களிலும் ஒரு பங்கு கரூரில் நெய்து போவது. அந்த ஏற்றுமதியில் மிஞ்சியவை நம் பக்கத்துக் கடைகளுக்கும் வருகின்றன. இல்லையென்றால் நெடுஞ்சாலையில் பர்கூர் ஜவுளிக்கடைகளில் இறங்கி, கெட்டியான காட்டன் துணியாக மீட்டர் கணக்கில் வாங்கி ஓரம் அடித்துக்கொள்ளலாம். மேசை விளிம்பிலிருந்து எட்டு அங்குலம் தொங்கினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் குழந்தைகள் இழுத்துவிடும். நிறத்துக்கு என் ஆலோசனை, சாயம் போடாத வெளிர் நிறம் அல்லது கரும்பச்சை. சிவப்புத் துணிமேல் சிவப்பு ரோஜா தொலைந்துபோகும். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். வழுக்கும், சாம்பார் சொட்டினால் கறை வெளிப்படையாகத் தெரியும்.

மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் பற்றிப் பலருக்குத் தெரியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய டீ கப் எல்லாம் அதே பட்டியல். வாழையிலை படம் அச்சிட்ட பளபளத் தாளும் பெரும்பாலும் அந்த வகைதான். அதற்கெல்லாம் மாற்றாக உண்மையான இலையே மலிவு. துணியில் குழம்பு ஓடாமல் இருக்க, இலையை நேராகத் துணிமேல் போடாமல், தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டித் தட்டுக்குள் போடுங்கள். பாக்குமட்டைத் தட்டும் கிடைக்கிறது. தட்டு சூடு தாங்கும், குப்பையில் மக்கும்.

மெழுகுவர்த்தி விஷயத்தில் ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சென்னையிலோ நாகர்கோவிலிலோ டிசம்பரிலும் மின்விசிறி இல்லாமல் சாப்பிட முடியாது. விசிறி சுழன்றால் வர்த்தி நிற்காது. இங்கே விசிறிக்கு வேலை இல்லாத மாதம் இது. அதனால் நிஜமான சுடரை மேசையில் வைக்கலாம். கட்டையான வர்த்தியாக, வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். வர்த்திக்கு அடியில் வைக்க ஒரு பொருள் சொல்கிறேன். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் மெருகேற்றிய வெட்டுத்துண்டுகள் ஓரமாகக் குவிந்திருக்கும். கைப்பிடி அளவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கூர் விளிம்பை உரசிவிட்டு, கீழே ஒரு துண்டுக் கம்பளித் துணி ஒட்டினால் மெழுகும் சிந்தாது, மேசையும் கீறாது. சூடான பாத்திரத்துக்கும் அதுவே தாங்கி. பஞ்சை உதறிப் பனி செய்வது, பனி ஸ்பிரே அடிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். சுடருக்கு அருகில் பஞ்சு இருப்பது ஆபத்து. ஜன்னலுக்கு வெளியே உண்மையான மூடுபனி நிற்கும் ஊருக்குப் போலிப் பனி எதற்கு?

இனி நேரம். மற்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் மேசைக்கு ஒரே வேளை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் அப்படி இல்லை. 24 நள்ளிரவுத் திருப்பலியோ ஆராதனையோ முடிந்து ஒரு மணிக்குக் கேக்கும் காபியும், காலையில் அக்கம்பக்கத்தார் வந்து போவது, மதியம் பெரிய சாப்பாடு, இரவு பத்துக்கு மேல் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவருக்கு இன்னொரு பந்தி. ஆகவே மேசையை மூன்று தரம் புதிதாக்கும்படி திட்டமிடுங்கள். நள்ளிரவுக்குத் துணியும் வர்த்தியும் பச்சையும் மட்டும் போதும், நடுவில் கேக், அச்சு முறுக்கு, கல்கல், தெற்கத்தி வீடானால் முந்திரிக்கொத்து. ரோஜாக்கள் இரவு முழுவதும் குளிரில் பக்கெட்டிலேயே இருந்து, மதியத்துக்கு முன் மேசை ஏறட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் துணியை உதறி மறுபக்கம் திருப்பிப் போட்டு, டம்ளர்களில் தண்ணீர் மாற்றி, இரவு வருபவருக்கு ஓர் இடத்தை முழுதாக விரித்துவையுங்கள்: தட்டு, இலை, டம்ளர், அவர் பெயர் எழுதிய அட்டை. மிச்சத்தைச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தோன்றக் கூடாது. போலந்தில் கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில் எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஓர் இடம் காலியாக விடுவார்கள், மேசைத்துணிக்கு அடியில் மாட்டுக்கொட்டிலின் நினைவாகக் கொஞ்சம் வைக்கோலும் வைப்பார்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் அறையில் தங்கிவிட்ட ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அந்தக் காலியிடத்துக்கு ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

பெயர் அட்டை வெறும் பகட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. ஓசூரில் அது பகட்டல்ல. ஒரே மேசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் பேசுபவர்கள் உட்காரும் ஊர் இது. பிள்ளைகளிடம் சின்ன அட்டைகளைக் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டால் வகுப்புத் தோழனைக் கேட்டு எழுதட்டும். அட்டையைத் தைல இலைக் காம்பில் செருகிவைத்தால் நிற்கும். இடம் ஒதுக்கும்போது சைவம் சாப்பிடுபவர்களை ஒரு முனையில் சேர்த்து உட்கார வையுங்கள், அவர்கள் பக்கத்துப் பாத்திரங்களும் கரண்டிகளும் தனியாக இருக்கட்டும். அவர்கள் இலைக்கு முதலில் பரிமாறிவிட்டுப் பிறகு பிரியாணியைத் திறந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் கறி ஹலால் கடையில் வாங்கியது என்பதை வந்ததுமே சொல்லிவிடுங்கள். கேட்கத் தயங்குவார்கள்.

எல்லாம் முடிந்தபின் துணியைப் பார்க்க வேண்டும். மெழுகு சொட்டியிருந்தால் ஐஸ் கட்டியால் இறுகச் செய்து சுரண்டி எடுங்கள், மீதிக்கு மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவந்துபோகும், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, தானே வெளுக்கும். ரோஜாக் காம்புகளை 27ஆம் தேதி மறுபடி அரை அங்குலம் சாய்வாக வெட்டித் தண்ணீர் மாற்றினால் 31ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் பிறகு வருபவர்களுக்கும் மேசையில் பூ இருக்கும். கேழ்வரகுப் பயிர் அதற்குள் சாய ஆரம்பித்திருக்கும். கத்தரித்து மாட்டுக்குப் போடுங்கள், சிரட்டையைக் கழுவி அடுத்த டிசம்பருக்கு எடுத்துவையுங்கள்.